இடது கண் எந்தத் தப்பும் செய்யவில்லை

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அங்கு உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. ஆனால் வேலைக்காலம் முழுக்கப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிய கை இது. உறுதியாகாத தகவலை முதல் வரியில் போட வராது. ஆகவே 'எல்லோரும்' என்பதில் ஒரு கண்ணை மட்டும் விலக்கிவிட்டு, மற்றபடி நலம் என்று வாசித்துக்கொள்.

புதிய செய்தி இது. உன் அக்காவின் வலது கண்ணில் நேற்று மாலை அளந்த அழுத்தம் பதினாறு. சொன்னவர் அவளுக்கு வைத்தியம் பார்க்கும் கண் டாக்டரம்மா. அளக்கும்போது நான் பக்கத்திலேயே நின்றேன். எண்ணை இரண்டு முறை சொல்லச் சொன்னேன், இரண்டு முறையும் பதினாறு என்றுதான் சொன்னார். இருபத்தொன்றைத் தாண்டாமல் இருந்தால் பயமில்லையாம். போன வாரம் இதே கண்ணில் ஐம்பத்தெட்டு இருந்தது. வலது கண் பிழைத்துவிட்டது என்று எழுதலாம், எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் இடது கண்ணைப் பற்றியது. அதில்தான் எனக்கு உன் உதவி வேண்டும்.

நீ போனில், "கண்வலிதானே அத்தான், தானா போயிடும்" என்றாய். உன்மேல் குறை சொல்லவில்லை. நானும் அதையே சொன்னேன், என் மகளும் சொன்னாள், கண்ணுக்குச் சொந்தக்காரியான உன் அக்காவும் சொன்னாள். நாலு பேர் சொன்னால் நாலு ஆதாரம் என்று நினைத்துவிடாதே. ஒருவர் சொன்னதைக் கேட்டுத்தான் அடுத்தவர் சொன்னோம். எல்லாம் சேர்ந்து ஒரே வதந்திதான். இந்த வித்தியாசத்தை எத்தனையோ புது நிருபர்களுக்குச் சொல்லிக் கொடுத்த நான், என் வீட்டுக் கூடத்தில் கோட்டைவிட்டேன்.

வதந்தி கிளம்பிய விதத்தைச் சொல்கிறேன். உன் அக்காவுக்குக் கண் சிவப்பதற்கு முந்தின வாரம் மகள் ஆபீசிலிருந்து கண்வலியோடு வந்தாள். இரண்டு கண்ணும் சிவப்பு, மணல் விழுந்ததுபோல உறுத்தல், காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்றது. ஆனால் பார்வை தெளிவாகத்தான் இருந்தது, போனில் என்ன வந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே படித்தாள். உன் அக்கா தலைமைப் பொறுப்பை ஏற்றாள். கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள், மகளுக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை, யார் கையைக் கழுவாமல் எதைத் தொட்டாலும் ஒரு அதட்டல். டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். சில நாளில் மகள் தேறிவிட்டாள். அதே வாரத்தில் எனக்கு இமை ஓரத்தில் ஒரு கண்கட்டி வந்தது. "பிதுக்கினீங்கன்னா கையை ஒடிப்பேன்" என்று சொல்லி, வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தே அதையும் உன் அக்கா அடக்கிவிட்டாள். அக்கம்பக்கத்தில் பெயர் பரவி, தன் அம்மாவுக்குக் கண்புரை முற்றிவிட்டதா என்று கேட்க எதிர்வீட்டு டிரைவர் வந்துவிட்டார். "புரைக்கு ஒத்தடம் கிடையாதுப்பா, ஆபரேஷன்தான், கூட்டிட்டுப் போ" என்று அவரைத் திருப்பி அனுப்பினாள். சரியான ஆலோசனைதான், நான் விசாரித்துவிட்டேன். இப்படி வீட்டின் கண் நிபுணராக அவள் பதவியேற்றுக் கொஞ்சநாள்கூட ஆகவில்லை, அதற்குள் நிபுணரின் சொந்தக் கண்ணே சிவந்தது.

அன்று சனிக்கிழமை, மாலைக் காட்சிக்கு சினிமா போயிருந்தோம். அவளுக்குச் சளி பிடித்திருந்தது. தியேட்டரில் தும்மிக்கொண்டிருந்தால் பக்கத்து ஆட்கள் முறைப்பார்கள் என்று கிளம்பும்முன் ஒரு சளி மாத்திரை போட்டுக்கொண்டாள். படம் ரொம்ப நீளம், பாதிக் கதை குகைக்குள் நடந்தது, திரையும் இருட்டு, அரங்கும் இருட்டு. இந்த மாத்திரையும் இந்த இருட்டும் சேர்ந்து என்ன வேலை பார்த்தன என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், "வலது கண்ணுக்குள்ள யாரோ உக்காந்து தையல் மெஷின் ஓட்டற மாதிரி இருக்குங்க" என்றாள். நான் படத்தைப் பார்த்தபடியே, "உன் பொண்ணு கொடுத்த கண்வலிதான்" என்றேன். இடைவேளையில் நான் உனக்கும் மகளுக்கும் போன் போட்டுச் சொன்னேன், அவள் கைப்பையிலிருந்து மகளின் மிச்ச மருந்தை எடுத்து இரண்டு சொட்டு விட்டுக்கொண்டாள். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்தை இன்னொருவர் கண்ணில் விடக்கூடாது என்று வீடு முழுக்கப் பிரகடனம் செய்தவளே அவள்தான் என்பதை உண்மை கருதிப் பதிவு செய்கிறேன்.

படம் முடியும்முன் தலைவலி நெற்றியைப் பிளந்தது. எழுந்து வெளியே வந்தோம். வராந்தாவில் குமட்டி, ஒரு தொட்டியில் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு, சுவரில் இருந்த விளக்கைப் பார்த்து, "அதைச் சுத்தி வானவில் மாதிரி வளையம் வளையமா தெரியுது, அழகா இருக்குல்ல" என்றாள். தம்பி, அந்த வாக்கியம்தான் தலைப்புச் செய்தி. அதை நான் எங்கோ உள்பக்கத்தில் தூக்கிப் போட்டுவிட்டு, வாந்தியைத் தலைப்பாக்கினேன். வாந்தி என்றால் உணவு, உணவு என்றால் பாப்கார்ன். தியேட்டர் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன்.

மேனேஜர் வந்தார். நல்ல மனுஷன், கத்தவில்லை. பாப்கார்ன் எந்த எண்ணெயில் பொரித்தது, எப்போது பொரித்தது, அந்த எண்ணெயை யார் வாங்கியது என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அம்மா மட்டும்தான் சாப்பிட்டாங்களா?" என்றார்.

"நானும் சாப்பிட்டேன்."

"தனித்தனி பாக்கெட்டா சார்?"

"ஒரே பாக்கெட்."

"நீங்க எவ்வளவு சாப்பிட்டீங்க?"

நான் கொஞ்சம் யோசித்து, "முக்கால்வாசி" என்றேன்.

"உங்க வயித்துக்கு ஏதாவது பண்ணுதா சார்?"

என் வயிற்றுக்கு ஒன்றும் பண்ணவில்லை. இத்தனை வருடத்தில் கேள்வி கேட்கும் பக்கம்தான் நான் நின்றிருக்கிறேன், பதில் சொல்லும் பக்கம் இவ்வளவு வழுக்கும் என்று தெரியாது. என் செய்தி என் கண்ணெதிரே செத்துப்போனது. இருந்தாலும் விடாமல், ஆதரவு தேடி உன் அக்கா பக்கம் திரும்பினேன். அங்கேதான் நான் விசாரணையை நிறுத்தினேன்.

மேனேஜரின் சட்டை காலர் கோணல். தைத்தவர் ஒரு பக்கத்தைத் தூக்கியும் இன்னொரு பக்கத்தைத் தாழ்த்தியும் வைத்திருந்தார். தையலைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது தெரிந்தது. உன் அக்காவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துக்க வீட்டுக்குப் போனாலும் யார் பிளவுஸில் கைக்குழி இழுக்கிறது என்று என் காதில் சொல்கிற ஆள். எங்கள் திருமணத்துக்கு முன் நீங்கள் எல்லோரும் என்னைப் பார்க்க வந்தபோது அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியமே, "பாக்கெட்டை யாரு தைச்சாங்க?" என்பதுதான். அப்படிப்பட்டவள் அந்தக் காலருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் குனிந்து, "இவரு காலரைப் பாத்தியா?" என்றேன்.

வலது கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்று பார்க்க இடது உள்ளங்கையால் இடது கண்ணை மூடியிருந்தவள், வலது கண்ணை மட்டும் என் குரல் வந்த பக்கம் திருப்பி, "எவரு? இங்க யாராவது நிக்கறாங்களா?" என்றாள்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றார் மேனேஜர். அவருக்கும் புரிந்துவிட்டது. "சார், பாப்கார்னை அப்புறம் பாக்கலாம், என் காரை எடுக்கறேன்" என்றார். கண் ஆஸ்பத்திரி வாசல் வரை கொண்டுவந்து விட்டவர் அவர்தான். நான் எந்த மனுஷன்மேல் புகார் எழுதுவதாக இருந்தேனோ அவருக்கு இப்போது நன்றிக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. காலரைப் பற்றி அதில் குறிப்பிடலாமா என்று உன் அக்காவிடம் கேட்டேன். "சட்டையைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்க, நான் பிரிச்சுத் தைச்சுத் தரேன்" என்கிறாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணின் கருவிழி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. வெளிச்சம் பட்டும் அதன் நடுவே இருக்கும் கண் பாப்பா சுருங்கவில்லை. நான் முறைப்படி, "படம், பாப்கார்ன், வாந்தி" என்று நடந்ததை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பாப்கார்னை விடுங்க. இந்த வாந்தி வயித்துல இருந்து வரல, கண்ணுல இருந்து வந்திருக்கு. விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சுதாம்மா?"

"தெரிஞ்சுது. அழகா இருந்துச்சு" என்றாள் உன் அக்கா, அந்த வலியிலும்.

"அழகைப் பாத்த உடனே இங்க வந்திருக்கணும்" என்றார் அவர்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். கண்ணுக்குள் எப்போதும் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஓரத்தில் இருக்கும் ஒரு மூலை வழியாக வடிந்துகொண்டும் இருக்கும். சிலருக்கு அந்த மூலை பிறவியிலேயே குறுகல். இருட்டில் பாப்பா விரியும்போதோ, சிலவகைச் சளி மாத்திரைகளாலோ அந்த மூலை அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறிவிடும். அது கண் நரம்பை நசுக்கும். நரம்பு போனால் போனதுதான், புரை மாதிரி எடுத்துவிட்டு லென்ஸ் வைக்கிற வியாபாரம் இதில் கிடையாது. நாள்கணக்கில் போட்டு வைத்தால் கண்ணே போய்விடும், அன்றே வந்ததால் தப்பித்தது. இன்னொரு வகைக் கண் அழுத்தம் இருக்கிறதாம், அது வலிக்காமல், சிவக்காமல், ஓரப்பார்வையை மட்டும் அரித்துத் தின்றுகொண்டே போகுமாம், பரிசோதித்தால்தான் தெரியுமாம். அதனால்தான் நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போதே அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். வெறும் சிவப்புக்குப் பதற வேண்டாம், சிவப்போடு வலி, மங்கல், வானவில் வளையம், குமட்டல் இதில் எது சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. நீ இதை உன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்.

ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலை டாக்டரம்மா அறைக்குள் வந்தார். நல்ல கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். உன் அக்கா பார்த்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம், "டாக்டரம்மா, கோட்டுல மூணாவது பட்டனை வேற நூல்ல தைச்சிருக்காங்க" என்றாள். டாக்டரம்மா குனிந்து தன் கோட்டையே பார்த்துக்கொண்டார். "பார்வை வந்திருக்கு" என்று நர்ஸிடம் சொன்னார். நான் வெளியே போய், தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொஞ்சநேரம் குழாயடியில் நின்றுவிட்டு வந்தேன். என் கண்ணிலும் அப்போது நீர் இருந்தது. வடிகால் நன்றாகவே வேலை செய்தது.

கண் தெளிந்ததும் வலது கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே இருக்கிற பழுப்புத் திரையின் மேல் ஓரத்தில் ஒரு பொடி ஓட்டை, அவ்வளவுதான். பாப்பா வழி அடைத்தாலும் நீர் அந்த ஓட்டை வழியாக முன்பக்கம் வந்துவிடும், மூலை அடைக்காது. நான் கூட நிற்க அனுமதி வாங்கி உள்ளே போனேன். நடந்ததைப் பற்றி நர்ஸ் உன்னிடம் வேறுவிதமாகச் சொல்லக்கூடும். அறை புழுக்கமாக இருந்தது, நான் காலையில் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை என்பது மட்டுமே என் தரப்பு.

இப்போது இடது கண்ணுக்கு வருகிறேன். அதன் மூலையும் அதே குறுகல்தான் என்று டாக்டரம்மா பார்த்துச் சொல்லிவிட்டார். இன்றோ நாளையோ அடுத்த வருடமோ, அதுவும் இதே வேலையைக் காட்டலாம், அதனால் அதற்கும் இப்போதே லேசர் வைத்துவிட வேண்டும் என்கிறார். உன் அக்கா மாட்டேன் என்கிறாள். நான் டாக்டரம்மாவுக்கும் அவளுக்கும் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன், ஒரு சொல்கூட என்னுடையது இல்லை.

"நல்லா தெரியற கண்ணுல எதுக்கும்மா ஓட்டை? அது எந்தத் தப்பும் பண்ணலையே" என்றாள் இவள்.

"தப்பு பண்றதுக்கு முன்னாடியே தடுக்கறோம்."

"தடுக்கறதுன்னா ஓட்டை போட்டா?"

"நீங்க துணியில போடறது இல்லையா?"

"பட்டன் நுழையறதுக்குக் காஜா எடுக்கறதைச் சொல்றீங்களா?"

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதேதான்! பட்டன் போற இடத்துல தண்ணி போகும்னு வச்சுக்குங்க" என்றார்.

உன் அக்கா அமைதியாக, "சரி. வலது பக்கம் காஜா எடுத்தாச்சு. எந்தச் சட்டையிலயும் ரெண்டு பக்கமும் காஜா இருக்காதும்மா" என்றாள்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் சுவரில் இருந்த கண் படத்தைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. கெஞ்சினேன், மிரட்டினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். "நீங்க பேசாம இருந்தா வீடு நல்லா இருக்கு" என்றாள். சினிமா கூடாது, சளி மாத்திரை கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். இருட்டுதானே எதிரி என்று பகலிலும் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டு வைக்கிறேன். மகள், "இது வீடா துணிக்கடையாப்பா?" என்கிறாள். நேற்று டாக்டரம்மாவிடம் இது பற்றிப் புகார் போய், "தூங்கறப்ப லைட்டை அணைச்சிடுங்க சார், பாவம் அவங்க தூங்கட்டும்" என்று எனக்கே அறிவுரை கிடைத்தது. ஆனால் விளக்கு எரிந்தால்தானே அவள் கண் சிவந்திருக்கிறதா என்று நான் எட்டிப் பார்க்க முடியும்? வலிக்கிறதா என்று அவளைக் கேட்கக்கூடாது என்று எனக்குத் தடை. அதனால் "காபி வேணுமா?" என்று கேட்டு முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இந்த வாரம் அவள் குடித்த காபிக்கே தனியாக ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தம்பி, ஒரு உண்மையைச் சொல்கிறேன். தியேட்டரில் அவள், "இங்க யாராவது நிக்கறாங்களா?" என்று கேட்ட குரல் எனக்கு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அந்தக் கேள்வியை அவள் இன்னொரு முறை, இடது கண்ணைத் திருப்பியும் கேட்டுவிடக்கூடாது. வீட்டில் அவள் சொன்னால் நாங்கள் கேட்போம். அவள் கேட்கிற ஆள் உலகத்தில் நீ ஒருத்தன்தான். உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் என்பதால், நீ சொன்னால் அவளுக்கு அது அவள் வளர்த்த புத்தி. ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் டிக்கெட் எடுத்து வா. வருவது தெரிந்தால் உஷாராகிவிடுவாள், சும்மா பார்க்க வந்ததாகச் சொல். டாக்டர், லேசர் என்ற பேச்சை முதலில் எடுக்காதே. சாப்பிட்டு முடித்து, அவள் மெஷினில் உட்கார்ந்ததும் மெதுவாகத் தொடங்கு. காஜா பேச்சு வந்தால் சிரித்துவிடாதே, அங்கேதான் டாக்டரம்மா தோற்றார். இவ்வளவையும் நான் நிம்மதியாக எழுத முடிந்ததற்குக் காரணம், அவள் காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு நூல் வாங்கப் போயிருப்பதுதான்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பு. எல்லோரும் நோய்நொடி இல்லாமல், கண்ணுக்கு நிறைவாக நீண்டநாள் வாழ வேண்டும் என்று உங்கள் வீட்டுக்கு மூத்தவன் என்ற முறையில் ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும்
அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட மடித்துக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன். பின்னால் யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. நூல் கடையில் டோக்கன் கொடுக்கிற வழக்கம் இல்லை.

"அப்பா, பதறாதீங்க. அம்மாவுக்கு இடது கண்ணுல லேசர் முடிஞ்சிடுச்சு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மாதான் வேண்டாம்னாங்க. போன தடவை அவங்களுக்கு லேசர், உங்களுக்கு ஸ்ட்ரெச்சர். அதுவும் இல்லாம நீங்க வந்தா டாக்டரைப் பேட்டி எடுப்பீங்களாம், வெளிய இருக்கற கூட்டம் பூரா காத்திருக்கணுமாம்."

போனை உன் அக்கா வாங்கினாள். எப்படி மனம் மாறியது, சட்டைக்கு இரண்டு பக்கம் காஜா உண்டா என்று கேட்டேன்.

"காஜாவாவது பட்டனாவது. ஒரு வாரமா நான் தூங்கறப்ப விளக்கைப் போட்டு மூஞ்சியைப் பாத்துட்டே நிக்கறீங்க. இதை இப்படியே விட்டா எனக்குக் கண்ணு போகுதோ இல்லையோ, உங்களுக்கு உசிரு போயிடும்னு தோணுச்சு. சரி, சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை என்பதைச் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, மேலே நான் உன்னிடம் கேட்ட உதவி ரத்து. நடந்து முடிந்த செய்திக்கு நான் காலை முழுக்க உட்கார்ந்து முன்னோட்டம் எழுதியிருக்கிறேன். என் தொழிலில் இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஆனால் உன் பயணம் ரத்து இல்லை. கண்ணின் குறுகலான மூலை கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டரம்மா இன்று சொன்னாராம். யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாராம். உன் அக்கா அங்கேயே உன் பெயரைப் பதிவு செய்துவிட்டாள். "நல்லா தெரியற கண்ணைக் காட்ட மாட்டேன்னு சொல்வான், என் தம்பியாச்சே. நீங்கதான் பேசி எப்படியாவது வரவைக்கணும்" என்று அந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். சும்மா பார்க்க வருவதாக நினைத்து வா என்று எழுத நினைத்தேன். அவளிடம் சொல்வதற்காக அதையே மேலே எழுதியும் இருக்கிறேன்.

நிலுவையில் உள்ளவை: உன் அக்காவின் இடது கண் அழுத்தம், இன்று பகல் ஒரு மணிக்கு அளப்பார்கள். உன் இரண்டு கண்கள், வியாழக்கிழமை காலை பத்து மணி.